பிலோமி அக்காவின் ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டு முன்னறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. போன மாதம் நீங்கள் ஐந்து பேர் தோளில் காமிராவும் கையில் பழப்பொதியுமாக வந்தபோது, உட்காருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டீர்கள். ஆணிக்குக் கீழே வண்ணம் மங்காத ஒரு சதுரம். அந்தப் படம் இங்கேதானே இருந்தது என்று உங்களில் ஒரு பெண் கேட்டார். சாயா ஆறிவிடும் என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து உங்கள் படங்களைக் காட்டினீர்கள். கோயில் வாசலில் கையேந்துகிறவர், குப்பை பொறுக்குகிறவர், பாலத்துக்கு அடியில் பிள்ளைகுட்டிகளோடு கிடக்கிறவர். எல்லாம் கறுப்பு வெள்ளை. முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிவிடலாம். நன்றாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கிழவனுக்குப் பொறாமை என்று பஸ் ஏறும்போது பேசிக்கொண்டிருப்பீர்கள். பொறாமையும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்? உங்கள் வயதில் எனக்கு இப்படியொரு காமிரா கிடைத்திருந்தால் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்திருப்பேன். ஆனால் வாயடைத்துப் போனதற்குக் காரணம் வேறு. என்னுடைய பழைய தப்பு அந்தப் படங்களில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் இதில் வராது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பத்திரிகைகளுக்குப் படம் எடுக்க வருவதற்கு முன்னால் கோட்டாறில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதலாளிக்குத் தன் பெயரை எங்கும் போடுவது பிடிக்காது, இங்கேயும் போடவில்லை. அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர் யாராக இருந்தாலும், ரேஷன் கார்டுக்கு ஒட்ட ஒரு படம் கேட்டு வந்த கூலியாளாக இருந்தாலும், முதலில் உள்ளறைக் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு பவுடர் டப்பாவும் நூலில் கட்டிய சீப்பும் இருக்கும். அவர் தலை வாரி, சட்டைக் காலரை இழுத்துவிட்டு, தானாக "ஆச்சு" என்று சொல்லும்வரை முதலாளி காமிரா பக்கம் போகமாட்டார். கால் மணி நேரம் ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பவுடரைப் பூசிக்கொண்டு விறைத்து நிற்கிற ஆளிடம் என்ன உண்மை இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் நகவெட்டியை மடக்கிப் பையில் போட்டார்.

"மொகம் அவனுக்கதாக்கும். ஒனக்கதில்ல."

பெரிய ஞானி என்று மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டு நான் அந்த வேலையை விட்டேன். உண்மை தெருவில்தான் கிடக்கிறது, குனிந்து பொறுக்கினால் போதும் என்று நினைத்த வயது அது.

தெருவில் எனக்குக் கிடைத்தவள் பிலோமி அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று அவளுடைய மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வடசேரிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு, அதை அங்கேயே செதிள் சீவி வெட்டிக் கொடுக்கிற பெண்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையின் கடைசி ஆள் அவள். சொந்த ஊர் இனயம். கணவன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியாமல், மகளைக் கன்னியர் விடுதியில் சேர்த்துவிட்டு வடசேரிக்கு வந்தவள். பகலில் ஒரு கல்லும் கத்தியும். மற்ற நேரத்தில் பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளின் தாழ்வாரம். நான் பார்க்கத் தொடங்கியபோது அந்த வாழ்க்கைக்கு இருபது வயது ஆகியிருந்தது. மகள் படித்து நர்ஸாகி, மார்த்தாண்டம் பக்கம் கல்யாணமும் முடித்திருந்தாள்.

மகளிடமும் சம்பந்தி வீட்டிலும் அக்கா வேறு ஒரு கதை சொல்லியிருந்தாள். நெய்யூர் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் சமையல் வேலை, தங்குவதும் அங்கேதான் என்று. இதை அவளே என்னிடம் சொன்னாள். ஒரு தடவை அல்ல, எத்தனையோ தடவை. நான் அப்போதெல்லாம் அவள் கன்னத்தில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அவள் மகள் வீட்டுக்குப் போகும் நாள். காலையில் கட்டணக் குளியலறையில் குளித்து, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்தேய் என்று தேய்த்து, கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கும் வாடாமல்லி நிறச் சேலையை வாங்கி உடுப்பாள். அன்று எதிரில் வந்தால் எனக்கே சட்டென்று ஆள் தெரியாது. அவள் முகத்தை மற்ற நாட்களில் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். சிரித்தால் உடைந்த முன்பல் தெரியும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், நான் பொத்தாதே என்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு அந்த முகம் வேண்டாம். அது வேஷம், திங்கட்கிழமை முகம்தான் நிஜம் என்பது என் சித்தாந்தம். அந்தச் சேலையை உடுத்தக் காத்திருக்கிறவளும் அதே பிலோமிதானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் பழுது பார்த்து வந்திருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க பஸ் நிலையத்துக்குள் நின்று கண்டதையும் எடுத்துக்கொண்டிருந்தேன். மார்த்தாண்டம் பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்து ஒரு பெண் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காதோரம் இருந்த முடியை ஒதுக்கினாள், தோள் சேலையை நீவினாள், போதும் என்பதுபோலத் தனக்குள் ஒருமுறை தலையசைத்துக்கொண்டாள். அப்போது ஒன்று எடுத்தேன். திரும்பினாள். பிலோமி அக்கா. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்த மறந்து சிரித்துவிட்டாள். அதையும் எடுத்தேன்.

எடுத்தாயா என்று கேட்டாள். எடுத்தேன் என்றேன்.

"எனக்கு ஒண்ணு தா மக்கா. மவ வீட்டுல வைக்க. அவளுக்க கிட்ட எனக்க படம் ஒண்ணுகூட இல்ல."

தருகிறேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன், கடை பூட்டியிருக்கிறது, மறந்துவிட்டேன். ஒரு படத்தைப் பிரிண்ட் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் படம் ஒரு பொருட்டாகவே இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிற அந்தப் படம் அமைந்தது. முகமெல்லாம் செதிள், நெற்றியில் வியர்வை, கையில் கத்தி, கண்ணில் ஒரு வெறுப்பு. அன்று யாரோ மீன் நாறுகிறது என்று அவளிடம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து, அவளிடம் காட்ட எடுத்துக்கொண்டு போனேன். படம் எடுக்கப்பட்டவரிடம் காட்டாமல் வெளியே அனுப்பமாட்டேன் என்று அப்போது பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

உறையைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டாள். இரு இரு என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வந்து பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபடியும் போய்க் கழுவினாள். ஈரம் போகத் துடைத்து, ஓரத்தைப் பிடித்து உருவினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கொள்ளாம்," என்றாள்.

படத்தைக் கூடையின் மேல் கவிழ்த்து வைத்தாள். இது எங்கே போகும் என்று கேட்டாள். மெட்ராஸ் என்றேன்.

"மெட்ராசிலயா? அங்க எனக்க ஆளு ஆரும் இல்ல. செரி."

நான் சந்தோஷமாகத் திரும்பினேன். அவள் இரண்டு முறை கை கழுவியது எந்தப் படத்துக்காக என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

கொள்ளாம் என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்கு நாம் எல்லோரும் தினமும் சொல்வதுதான். விருந்துக்குப் போன இடத்தில் குழம்பு கொள்ளாம். பெண் பார்த்துவிட்டு வந்து, பேச்சை வளர்க்க மனமில்லாவிட்டால், பெண் கொள்ளாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராத இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் எப்போதும் கைகொடுக்கும். வெளியூர்க்காரன் அதை நம்பி ஏமாந்தால் மன்னிக்கலாம். நான் இந்த மண்ணில் பிறந்தவன். எனக்கு வசதியாக இருந்ததால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு பத்திரிகையிலிருந்து தொலைபேசி வந்தது. அச்சுக்குப் போகிற நேரத்தில் ஏதோ ஒரு கட்டுரை நின்றுவிட்டதாம். முழுப் பக்கத்துக்கு அந்த மீன்காரப் பெண்ணின் படத்தைப் போடலாமா, அரைமணி நேரத்தில் சொல்லுங்கள் என்றார்கள். ஆளுடைய சம்மதம் இருக்கிறதா என்றும் கேட்டார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. நான் வடசேரி சந்திப்பில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அக்கா உட்காரும் இடத்துக்கு நடந்தால் ஐந்து நிமிடம். போய்க் கேட்டுவிட்டு வந்து இன்னொரு சாயாவும் குடித்திருக்கலாம். ஆனால் போனால் அவள் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் கேட்பாள் என்ற கூச்சம். கேட்டு, ஒருவேளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ற பயம். இரண்டும் சேர்ந்து காலைக் கட்டிவிட்டன.

சம்மதம் இருக்கிறது என்றேன். ஊர் பெயர் கேட்டார்கள். வடசேரி, நாகர்கோவில் என்று அதையும் சொன்னேன். நெருக்கடி நேரத்தில் முடிவெடுப்பது பற்றிப் பயிற்சி வகுப்புகளில் என்னென்னவோ சொல்லிக்கொடுப்பார்கள். என் அனுபவத்தில் நெருக்கடி என்பது பெரும்பாலும் நமக்குக் கேட்கப் பிடிக்காத கேள்விக்கு நாமே போட்டுக்கொள்ளும் பூட்டு.

பத்திரிகை வந்தது. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது வீடு வீடாகப் போயிற்று. எனக்குப் பாராட்டு மேல் பாராட்டு.

அடுத்த இரண்டாவது ஞாயிறு, மாலையில் திரும்ப வேண்டிய அக்கா மதியத்துக்கு முன்பே வந்து இறங்கியதைப் பார்த்தேன். வாடாமல்லிச் சேலையோடு நேராகத் தன் கல்லுக்குப் போய் உட்கார்ந்தாள். அந்தச் சேலையோடு அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. என்ன என்று கேட்டேன். மகளின் மாமியார் கைபேசியை எல்லோர் முன்னாலும் நீட்டி, மடத்தில் இந்தச் சமையல்தானா என்று கேட்டிருக்கிறாள். மகள் அழுதிருக்கிறாள். அக்கா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நீ எடுத்த, செரி. அவளுக்கு என்னத்துக்கு மக்கா காட்டுன?"

மறுநாள் கல் மட்டும் இருந்தது. அக்கா இல்லை. சேலை கொடுத்து வைத்திருந்த கடையிலும் அவள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இனயத்துக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே வந்து வருடக்கணக்காகிறது என்றார்கள். நெய்யூரில் ஒவ்வொரு மடமாக ஏறி இறங்கினேன், அந்தப் பொய்யாவது உண்மையாகியிருக்கக் கூடாதா என்ற நப்பாசையில். இரண்டு மாதம் கழித்து, வேறு வழியில்லாமல், மார்த்தாண்டத்துக்கு அவள் மகள் வீட்டைத் தேடிப் போனேன். மகளை ஷீபா என்று வைத்துக்கொள்வோம். அவளும் தேடிக்கொண்டிருந்தாள். அம்மையை யாரும் போகச் சொல்லவில்லை, தான் அழுதது அம்மை தெருவில் கிடந்தாளே என்றுதான், அம்மை அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் என்றாள். அந்தப் படம் எடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். அவள் வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"அம்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

காட்டினேன், கொள்ளாம் என்று சொன்னாள் என்றேன்.

"அம்மை எல்லாத்துக்கும் அதத்தான் சொல்லும். நான் கருக்கி வச்ச தோசையையும் கொள்ளாம்னு சொல்லித்தான் திங்கும்."

பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைத் தேடி எடுத்துப் பிரிண்ட் போட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஷீபா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே வாங்கோ என்றாள்.

காணவில்லை என்று அறிவிப்பு ஒட்டுவது என்று முடிவாயிற்று. எந்தப் படத்தைப் போடுவது என்பதில்தான் சிக்கல். அச்சகத்தில் இருந்தவர் இரண்டையும் பார்த்தார். சேலை உடுத்திய படத்தைப் போட்டால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது, மற்றதைப் போட்டால் பார்த்தவர்கள் உடனே கூப்பிடுவார்கள் என்றார். நியாயமான பேச்சு. அவளைத் தெருவில் பார்க்கிற யாருக்கும் திங்கட்கிழமை முகம்தான் தெரியும். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம் என்று என் வாய்வரை வந்துவிட்டது. இவ்வளவு நடந்தும் புத்தி அந்தப் பக்கம்தான் போகிறது பாருங்கள்.

"அத ஒட்டினா அம்மை இன்னும் தூரத்துக்குப் போயிரும்," என்றாள் ஷீபா.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தையே போட்டோம். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் நானே ஒட்டினேன். மாதங்கள் போயின. ஒரு அழைப்பும் வரவில்லை. மழையில் நனைந்து கிழிந்தவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப் போனபோதுதான் களியக்காவிளைச் சந்தையில் அதைப் பார்த்தேன். அறிவிப்பு சுவரில் இருந்தது. மேலே காணவில்லை என்ற எழுத்து இருந்தது. கீழே தொலைபேசி எண் இருந்தது. நடுவில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெறும் சுவர். கிழித்ததில்லை. நாலு பக்கமும் கத்தியால் கோடு பிடித்தாற்போல வெட்டி எடுத்திருந்தது.

எதிரே சாயாக்கடை. இதை யார் எடுத்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். கொஞ்ச நாளாக அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மை என்றார். கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுவரை நனைத்து, மூலை மடங்காமல் எடுத்தாளாம். படத்தில் இருந்ததே அந்த அம்மைதான் என்றேன். அவர் நம்பவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது அந்த அம்மையா? எனக்கிட்ட கொண்டாந்து காட்டி, இது ஆரு மாதிரி இருக்குன்னு கேட்டுது. ஏதோ நல்ல வீட்டுல உள்ள அம்மையாட்டு இருக்குன்னு சொன்னேன். கேட்டுட்டு சிரிச்சுது."

வாயைப் பொத்திக்கொண்டா சிரித்தாள் என்று கேட்டேன். இல்லை என்றார். அன்றைக்கே பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். எந்தப் பஸ் என்று அவர் கவனிக்கவில்லை.

கேட்ட படம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் கொடுக்கவில்லை, அவளே சுவரிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டாள். தொலைபேசி எண்ணை ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று ஷீபா அழுதாள். மகள் வீட்டுக்கு வழி தெரிந்தவளுக்கு எண் எதற்கு என்று நான் சொன்னேன். ஷீபாவுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா தெரியாது. வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறும் ஷீபா ஒரு ஆள் சோறு கூடுதலாகப் பொங்குகிறாள். நான் வடசேரி பஸ் நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்காருகிறேன். காமிரா எடுத்துப்போவதில்லை. சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடியும் சீப்பும் இருக்கும். நீங்கள் அன்றைக்குப் பார்த்துவிட்டு, சாருக்கு இந்த வயதில் என்ன அலங்காரம் என்று உங்களுக்குள் சிரித்தீர்கள். எனக்குக் கேட்டது.

பெரிய படத்தைக் கழற்றி எரித்துவிட்டேன். ஊரெல்லாம் பரவியதை எரிக்க முடியாது. கிளம்பும்போது அந்தப் பெண், வேறு நல்ல படம் ஒன்றை அங்கே மாட்டலாமே என்றார். இருக்கிறது. சட்டம் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன், வாடாமல்லிச் சேலை, பஸ் கண்ணாடி, பொத்தாத சிரிப்பு. மாட்டலாமா என்று அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.